கைபேசியும் ஓர் அமானிதமே



போனில் உள்ளதைத் திருடுபவர் என்றதும் எங்கோ இருக்கும் மோசடிக்காரர்தான் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் நமது பூட்டு எண் தெரிந்தவர்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும்தான் இருக்கிறார்கள்.

பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த ஒரு விவாகரத்து வழக்கில், மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து, கணவர் சாட்சியமாகத் தாக்கல் செய்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 அக்டோபர் 30 அன்று அதை ஏற்க மறுத்தது. அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு என்றது. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. ஆகவே, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிட முடியாது.

சில எளிய வழிகள்:

பிறந்த தேதி, வண்டி எண் போன்றவற்றைப் பூட்டு எண்ணாக வைக்க வேண்டாம். ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் உடனே மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியைப் பாருங்கள். நமது போனைச் சில நொடிகள் கையில் வைத்திருந்தவர்கூட, நம் செய்திகளைத் தம் கணினியிலிருந்தே படிக்க வழி செய்துகொள்ள முடியும். தெரியாத கருவி இருந்தால் அதைத் தொட்டு ‘லாக் அவுட்’ கொடுங்கள்.

பழுது பார்க்கக் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பூட்டு எண்ணை எழுதிக் கொடுக்காமல், கூடவே இருந்து திறந்து காட்டுங்கள்.

ஓடிபி எண்ணை உறவினர் கேட்டாலும் சொல்ல வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

படத்தை வைத்து யாராவது மிரட்டினால், பயந்து பணம் கொடுக்க வேண்டாம்; செய்திகளை அழிக்கவும் வேண்டாம். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புகார் கொடுங்கள். பிள்ளைகள் நம்மிடம் வந்து சொன்னால், முதலில் அவர்களைத் திட்டாதீர்கள்.

நம் போனில் இருப்பது நம்முடையது மட்டுமல்ல. சகோதரி அனுப்பிய குடும்பப் படம், கடன் கேட்டு ஒருவர் அனுப்பிய செய்தி, உதவி பெற்ற குடும்பத்தின் விவரம் எல்லாமே நம்மை நம்பித் தந்தவை. அவை வெளியே போனால் தலைகுனிவது அவர்கள்.

பிறர் குறைகளைத் துருவித் தேடுவதைக் குர்ஆன் (49:12) தடுக்கிறது. பிறர் போனை எடுத்துப் பார்க்க நமக்கும் உரிமை இல்லை. போனைப் பூட்டி வைப்பது உறவினர் மீதுள்ள சந்தேகம் அல்ல, அமானிதத்தைக் காப்பது. இன்ஷா அல்லாஹ், இன்றிரவே பூட்டு எண்ணை மாற்றுவோம்.