சோர்வு என்னும் சொல்லும் வீரர்தம் மனநலனும்

தாம்பரத்திற்குத் தெற்கே, மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. இத்தகைய நிலையங்களில் பயிலும் போட்டி வீரர்தம் மனநலனை அளக்கப் புகுவார்க்குச் சொல்லாராய்ச்சியும் வேண்டற்பாலது என்பதை ஈண்டுக் காட்டுவாம்.

அமெரிக்க உளநூலார் மக்நேரும் பிறரும் 1971இல் வெளியிட்ட மனநிலை அளவை 65 சொற்களும் தொடர்களும் கொண்டது. ஒவ்வொன்றும் தமக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை வீரர் 0 முதல் 4 வரை மதிப்பிடுவர். இறுக்கம், மனத்தளர்வு, சினம், ஊக்கம், களைப்பு, குழப்பம் என்னும் ஆறு கூறுகள் அதனாற் பெறப்படும். ஊக்கம் உயர்ந்து ஏனைய ஐந்தும் தாழ்ந்திருத்தலே நன்னிலை என்பர்.

இதனைத் தமிழிற் பெயர்க்குங்கால் ஓர் இடர் தோன்றும். 'சோர்வு' என்னும் சொல் உடற்களைப்பையும் உளத்தளர்ச்சியையும் ஒருங்கே சுட்டும். கடும்பயிற்சி முடித்த ஓட்டவீரர் தமக்குச் சோர்வு மிகுதி எனக் குறிப்பின், அஃது எதனைச் சுட்டியது என்பது விளங்காது. களைப்பிற்கு ஓய்வும் உறக்கமும் போதும். மனத்தளர்வு நீடிப்பின் உளநல வல்லுநரின் துணை வேண்டும். சொல் மயங்கின் மருந்தும் மயங்கும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அசைவினை அழுகைக்கும் வருத்தத்தினை இளிவரலுக்கும் நிலைக்களனாக வேறு பிரித்துரைத்தல் நோக்கத்தக்கது. அணுக்கமான நிலைகளைப் பகுத்துக் காணல் தமிழுக்குப் புதிதன்று. ஆதலின், 'உடற்களைப்பு', 'மனத்தளர்வு' எனத் தனித்தனியே வினவி, வீரர் அவற்றை எவ்வாறு உணர்கின்றனர் எனத் தெளிந்த பின்னரே அளவையை வழங்குதல் முறையாம்.