மனசு போடும் கணக்கு – 17: கூட்டம் நம்மைக் கெடுக்கிறதா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடித்து, இடித்துத் தள்ளி பஸ் ஏறி வந்த அதே ஆள், கிரிவலப் பாதையில் கால் வைத்ததும் வேறு ஆளாகிவிடுகிறார். முன்னால் போகும் பாட்டி நின்றால் தானும் நிற்கிறார். யாரென்றே தெரியாதவர் நீட்டும் தொன்னையை வாங்கிச் சாப்பிடுகிறார். இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகலான வழியில் ஒருவர் ஊர்ந்து வெளியே வரும்வரை, அவசரப்படுத்தாமல் வரிசையில் காத்திருக்கிறார். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடப்பதாக நம்பிக்கை இருப்பதால், இடப்புறமாகவே போக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறார். அதே இடப்புற விதியைப் போக்குவரத்து போலீஸ் சொன்னால் கேட்பாரா என்பது வேறு விஷயம்! செருப்பும் செல்போனும் காணாமல் போவதும் உண்டுதான். ஆனாலும் 14 கிலோமீட்டர் தூரம் வெறுங்காலோடு, தூக்கமில்லாமல் நடக்கிற அத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக இருப்பது எப்படி?

பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ போனைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார். கூட்டத்தில் கலந்தவன் அறிவை இழக்கிறான், காட்டுமிராண்டி ஆகிறான் என்று 1895-ல் புத்தகமே எழுதியவர் அவர். நூறு வருஷத்துக்கும் மேலாகப் போலீசும் பத்திரிகைகளும் அதையே வேதவாக்காக வைத்திருக்கின்றன.

அதை அசைத்துப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானவை அலகாபாத் மாக மேளாவில் நடந்தன. கடுங்குளிரில் ஒரு மாதம் கங்கைக் கரையில் கூடாரம் போட்டுத் தங்கும் 416 பேரிடமும், ஊரிலேயே இருந்துவிட்ட 127 பேரிடமும் மேளாவுக்கு முன்பும் பின்பும் உடல்நலத்தைப் பற்றிக் கேட்டார்கள். குளிரும் இரைச்சலும் நெருக்கடியும் அனுபவித்து வந்தவர்கள்தான் முன்பைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. என்னவென்று பிரித்தறிய முடியாத ஓர் இரைச்சலைப் பதிவு செய்து யாத்திரிகர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் ‘இது மேளாவில் எடுத்தது’ என்றார்கள். மற்றவர்களிடம் ‘நகரத்துத் தெருவில் எடுத்தது’ என்றார்கள். மேளா என்று நம்பியவர்கள் அதே சத்தத்தை அதிக நேரம் கேட்டார்கள், இனிமையாகவும் உணர்ந்தார்கள். இந்தக் குழுவில் இருந்த ஸ்டீபன் ரைச்சர் தரும் விளக்கம் எளிது: பக்கத்தில் நிற்பவர் நம்மவர் என்று மனசு முடிவு செய்துவிட்டால் இடிபடுவதுகூடத் தொந்தரவாகத் தெரிவதில்லை.

மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியில் நடந்த ஆய்வு (2013-ல் வெளியானது) இன்னும் வேடிக்கையானது. சில கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களுக்கு 200 ரூபாய் கொடுத்து, அதில் விரும்பியதை யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குப் போடலாம் என்றார்கள். வெறும் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் சராசரியாக 81 ரூபாய் போட்டார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 133 ரூபாய். ஒரு ஊசிகூடக் குத்திக்கொள்ளாமல் கூட நடந்து வந்தவர்களோ 161 ரூபாய்! வலி ஒருவருக்கு, தாராளம் இன்னொருவருக்கு.

அப்படியானால் நெரிசல் சாவுகள்? 1992 கும்பகோணம் மகாமகத்தில் சுமார் 50 பேர் இறந்தார்கள். இதுபோன்ற ஒவ்வொரு முறையும் ‘பீதியில் ஓடினார்கள்’ என்றுதான் செய்தி வருகிறது. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நெருக்கப்பட்டுவிட்டால் அவரவர் கால் அவரவர் பேச்சைக் கேட்காது. ஓடுவதற்கு ஏது இடம்? பெரும்பாலானோர் மார்பு அழுந்தி, மூச்சுவிட முடியாமல் சாகிறார்கள், சிலர் நின்ற நிலையிலேயே. இதில் மனசின் குற்றம் குறைவு, வழியை அமைத்தவர்களின் குற்றம் அதிகம். இனி இப்படி ஒரு செய்தி படித்தால், மக்கள் ஏன் ஓடினார்கள் என்று கேட்காதீர்கள். வெளியேறும் வழி எத்தனை அடி அகலம் இருந்தது என்று கேளுங்கள்.