செய்தியைக் காக்கும் திறவுகோல்

ஐதராபாத் நகரின் குஷாய்குடாவை ஒட்டி இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகம் அமைந்துள்ளது. 1967ஆம் ஆண்டில் அணுசக்தித் துறையின் கீழ் தொடங்கப்பெற்ற இக்கழகமும் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் நமது தேர்தல்களுக்கான மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தயாரிக்கின்றன. வாக்காளர் பொத்தானை அழுத்தும் அலகும் வாக்கைப் பதிவு செய்யும் அலகும் ஐந்து மீட்டர் கம்பியால் இணைக்கப்படுகின்றன. 2006க்குப் பின் தயாரான இயந்திரங்களில் இச்சிறு தொலைவிலும் பொத்தானின் குறியீடு சங்கேத வடிவிலேயே செல்கிறது. ஐந்து மீட்டருக்கே இக்காப்பு வேண்டுமெனில், பல நூறு கிலோமீட்டர் கடந்து செல்லும் வரிக் கணக்குகளுக்கும் வங்கித் தகவல்களுக்கும் அது எத்துணை இன்றியமையாதது!

சங்கேத முறைகளுள் தொன்மையானது சமச்சீர் திறவுகோல் முறையாகும். பூட்டவும் திறக்கவும் ஒரே திறவுகோல் பயன்படுவதால் இப்பெயர் வந்தது. அனுப்ப வேண்டிய எண் 4719 என்றும், இரு அலுவலகங்கள் மட்டும் அறிந்த திறவுகோல் 3862 என்றும் கொள்வோம். இலக்கத்துக்கு இலக்கம் கூட்டி, மேல்மிச்சத்தை விட்டுவிட்டால் 7571 கிடைக்கும். பெறுபவர் அவ்வாறே கழித்து 4719ஐ மீட்பார். இடையில் காண்பவருக்கு 7571 எதையும் உணர்த்தாது. ஆயினும் ஒரே திறவுகோலை இவ்வாறு மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் மறைவு குலையும். எனவே கணிப்பொறிகள் எழுத்துகளை மாற்றுவதையும் இடம் பெயர்ப்பதையும் பல சுற்றுகள் செய்கின்றன.

அமெரிக்கா 1977இல் வகுத்த தரமுறையின் திறவுகோல் 56 பிட் நீளமுடையது. 1998இல் ஓர் இயந்திரம் அதனை மூன்று நாள்களுக்குள் கண்டுபிடித்துவிட்டது. 2001இல் ஏற்கப்பட்ட புதிய தரமுறையில் குறைந்த நீளமே 128 பிட் ஆகும். இவ்விரு முறைகளும் யாவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டவை. முறை வெளிப்படையாயினும் திறவுகோல் மட்டும் இரகசியமாக இருந்தால் போதும் என்ற கோட்பாடு 1883 முதலே உள்ளது.

ஆகவே, சிக்கல் கணிதத்தில் இல்லை, நிர்வாகத்தில் உள்ளது. பத்து அலுவலகங்கள் தம்முள் தனித்தனியே இரகசியம் காக்க 45 திறவுகோல்கள் வேண்டும். நூறு அலுவலகங்களுக்கு 4,950 வேண்டும். இவற்றைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்ப்பது எங்ஙனம்? 1976இல் அறிமுகமான பொதுத் திறவுகோல் முறை இதற்கு வழிகாட்டியது. இன்று அம்முறையில் திறவுகோல் பகிரப்பட, விரைவாக இயங்கும் சமச்சீர் முறை செய்தியைச் சுமந்து செல்கிறது.

சங்கேதமாக்கிய கோப்புடன் அதே மின்னஞ்சலில் திறவுகோலையும் அனுப்பும் அலுவலர், வீட்டைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைத்துச் செல்பவருக்கு ஒப்பாவார். திறவுகோலை வேறு வழியில் அனுப்புதல், காலந்தோறும் மாற்றுதல், பணி மாறிச் செல்வோரின் திறவுகோலை உடனே நீக்குதல் ஆகிய மூன்றும் செலவு மிகாதவை. மக்கள் நம்பி ஒப்படைத்த தகவலைக் காக்கும் கடமை இவற்றிலிருந்தே தொடங்குகிறது.