கடையை மறிக்கும் பொய்க் கூட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அதை வாங்க ரயிலேற வேண்டியதில்லை. இணையத்தில் ஆர்டர் போட்டால் கூரியரில் வந்துவிடும். பக்கத்தில் ராஜபாளையத்தின் நூற்பாலைகளும், சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்கிறவர்களும் வெளியூர் வியாபாரிக்கு முகம் காட்டுவது இணையதளத்தின் வழியாகத்தான். இப்படிப்பட்ட சிறு தளம் ஒன்றை முடக்க யாரும் உள்ளே புகுந்து திருட வேண்டியதில்லை. கடவுச்சொல்லும் தேவையில்லை. உண்மையான வாடிக்கையாளர் நுழைய முடியாதபடி பொய்யான கோரிக்கைகளால் சர்வரை நிரப்பினால் போதும். இதுதான் சேவை மறுப்புத் தாக்குதல். ஆயிரக்கணக்கான கருவிகளிலிருந்து ஒரே நேரத்தில் வந்தால் டிடாஸ் என்கிறார்கள்.

தமிழர் வரலாற்றிலும் இதற்கு ஒரு பழைய பக்கம் உண்டு. 1990களின் இறுதியில் ‘இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட குழு, இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு வாரம் அனுப்பித் திணறடித்தது. இன்றைய அளவுக்கு 800 ஒன்றுமே இல்லை. அன்றைய சர்வர்களுக்கு அதுவே பாரம்.

சர்வர் ஏன் இப்படித் திணறுகிறது? ஒரு பிரவுசர் அதோடு பேசத் தொடங்குமுன் மூன்று சின்னச் செய்திகள் பரிமாறப்படுகின்றன. பேசலாமா என்று கேட்டு முதல் பாக்கெட் போகிறது. அதன் பெயர் சின். சர்வர் சம்மதம் சொல்லிப் பதில் அனுப்பிவிட்டு, கேட்டவரின் விவரத்தைத் தன் நினைவகத்தில் ஒரு வரியாகக் குறித்துக்கொண்டு காத்திருக்கிறது. மூன்றாவதாக உறுதிச் செய்தி வந்தால்தான் தொடர்பு முழுமையாகும். வராவிட்டால் சர்வர் உடனே விட்டுவிடாது. பதிலைச் சில முறை திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதுவரை அந்த வரி அழியாது. வரிகளுக்கான இடமோ அளவானது. பொய் முகவரிகளைப் போட்டுச் சின் பாக்கெட்டுகளைக் கொட்டினால் பட்டியல் நிரம்பிவிடும். 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் இப்படித்தான் நாள்கணக்கில் முடங்கியது.

பால்கோவாக் கடைக்கு நாள் முழுக்க யாரோ போன் செய்து, “அரைக் கிலோ எடுத்து வையுங்க அண்ணாச்சி, வந்துடுறேன்” என்று ஒவ்வொரு முறையும் ஒரு பொய்ப் பெயரும் பொய் முகவரியும் சொன்னால் என்ன ஆகும்? மேஜை முழுக்கப் பொட்டலம். நேரில் வந்து நிற்பவருக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. எதையும் எடுத்து வைக்காமல், சொன்ன முகவரிக்குக் கடை முத்திரையிட்ட சீட்டு ஒன்றை அனுப்பிவிட்டால்? சீட்டோடு வருபவருக்கு மட்டும் நிறுத்துக் கொடுக்கலாம். பொய் முகவரிக்காரன் கைக்குச் சீட்டே போய்ச் சேராது.

பேனிக்ஸ் விழுந்த அதே மாதத்தில் டேனியல் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த ‘சின் குக்கி’ இந்தச் சீட்டுதான். சர்வர் அனுப்பும் பதிலில் 32 பிட் எண் ஒன்று எப்போதும் உண்டு. அதைத் தேர்ந்தெடுப்பது சர்வரின் உரிமை. கேட்டவரின் முகவரி, போர்ட் எண், 64 நொடிக்கு ஒருமுறை நகரும் ஒரு கணக்கு, சர்வருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் எல்லாவற்றையும் கலந்து அந்த எண்ணை உருவாக்கி அனுப்பிவிட்டு, சர்வர் அவரை மறந்துவிடுகிறது. எதையும் குறித்துக்கொள்வதில்லை. உண்மையான ஆள் என்றால் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டித் திருப்பி அனுப்புவார். சர்வர் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்து, ஒத்துவந்தால் கதவைத் திறக்கும். புதுக் கருவி எதுவும் வேண்டாம், எதிர்முனையில் எந்த மென்பொருளும் மாற வேண்டாம். இணையத்தின் மிக அழகான யோசனைகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன். தொடர்பின் சில நுட்ப வசதிகள் இதனால் குறையும் என்பதால், லினக்ஸில் பட்டியல் நிரம்பி வழியும்போது மட்டும் இது இயங்குகிறது.

இந்த வகைத் தாக்குதல் அடிப்படையில் ஒரு செலவுக் கணக்கு. தாக்குபவனுக்குச் சல்லிக்காசு, சர்வருக்குப் பல மடங்கு. ஆகவே தளம் நடத்துகிறவர் முதலில் கேட்க வேண்டியது, முன்பின் தெரியாத ஒருவரால் நம் சர்வரை எங்கே அதிகம் உழைக்க வைக்க முடியும் என்பதைத்தான்.

2009இல் வெளிவந்த ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் நிரல் இந்தக் கணக்கை வேறு விதமாகப் பயன்படுத்தியது. கோரிக்கையை முடிக்காமல் துளித்துளியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்பாச்சி சர்வர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பணியாளை ஒதுக்கிக் காத்துக் கிடக்கும். ஒரே ஒரு மடிக்கணினி போதும். இப்போது அப்பாச்சியிலேயே நேர வரம்பு இருக்கிறது. என்ஜின்எக்ஸ் என்ற மற்றொரு சர்வர் மென்பொருள் அதன் அமைப்பாலேயே இதை ஓரளவு தாங்கும். அடுத்தது தேடல் பெட்டி. ஒவ்வொரு தேடலும் தரவுத்தளத்தைக் கிளறும் என்பதால், தாக்குபவர்கள் அதில்தான் கை வைப்பார்கள். ஒரே முகவரியிலிருந்து நொடிக்கு இத்தனை கோரிக்கைதான் என்று வரம்பு வைப்பதும், மாறாத பக்கங்களை முன்பே தயாரித்துக் கேச்சில் வைப்பதும் பெரிய செலவில்லாத காரியங்கள். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரம் உண்மையான கூட்டமும் இதே வேகத்தில் வரும். வரம்பை அந்த வாரத்தின் கணக்கை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

வந்து விழும் வெள்ளம் இணைப்பின் கொள்ளளவையே மீறினால் சர்வருக்குள் செய்யும் எதுவும் பயன்படாது. 2016 ஜூலையில் மும்பையின் இணையச் சேவை நிறுவனங்கள் இப்படித் தாக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று தளப் பெயர்களுக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவையை நடத்திய அமெரிக்காவின் டைன் நிறுவனம் விழுந்தபோது ட்விட்டர் உட்படப் பெரிய தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்தது மிராய் என்ற நிரல். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடிப் பிடித்து அது படை திரட்டியது. ராஜபாளையத்தில் ஒரு நூல் கிடங்கில் மாட்டிய சிசிடிவியும், முதலாளி அறியாமலே அப்படிப்பட்ட படையில் சேர முடியும். அதன் கடவுச்சொல்லை மாற்ற ஐந்து நிமிடம் ஆகும், இன்றே செய்யுங்கள். கணினிகளைச் சோதிக்க மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறது.

வெள்ளத்தைத் தாங்க, உலகெங்கும் மையங்கள் வைத்திருக்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவையின் பின்னால் தளத்தை வைப்பதுதான் வழி. இதில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. சர்வரின் பழைய ஐபி முகவரியை மாற்றாமல் விட்டால், தாக்குபவர் இடைச் சேவையைச் சுற்றிக்கொண்டு நேராக வந்துவிடுவார். மின்னஞ்சலும் அதே சர்வரில் இருந்தால் முகவரி அதன் வழியே வெளியே தெரியும். ஆகவே முகவரியை மாற்றுங்கள், மின்னஞ்சலைத் தனியே வையுங்கள், இடைச் சேவையிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி ஃபயர்வாலை அமையுங்கள்.

இப்படித் தாக்குவது குற்றமும் கூட. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. அந்தப் பதிவுகளைத் தாக்கப்படும் சர்வரிலேயே விட்டுவைக்கக் கூடாது. வெள்ளத்தின்போது ஒவ்வொரு பொய்க் கோரிக்கையும் ஒரு வரி எழுதும். டிஸ்க் நிரம்பி, அதனாலேயே சர்வர் விழுந்துவிடும். தனியாக இன்னொரு கணினிக்கு அனுப்பி வையுங்கள்.