அரசு லேப்டாப்பில் ஒரு டிராயிங் ஆபீஸ்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால், ஸ்ரீபெரும்புதூர் வரை கார், லாரி, புல்லட், டயர் என்று ஆலைகள்தான். இங்கே டிரெய்னியாக வந்து ரூம் எடுத்துத் தங்கும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. பிள்ளைகள் பலரிடம் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் இருக்கிறது. 2011-ல் அந்தத் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் அதில் ஏற்றித் தரப்பட்டது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது அது. திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

இப்போது லினக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி அந்தக் கால மாடல்கள் பலவற்றில் கிடையாது. பழைய ‘பாஸ்’ வேண்டாம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு போதும், எடை குறைவு.

ஆலை வேலைக்கு உதவும் மென்பொருள் என்று பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது, பாகங்களை 3டி-யில் வரைய உதவும் இலவச ஃப்ரீகேட். பென்டிரைவில் கைமாறும் கிராக் ஆட்டோகேட் இருக்கும்போது இது எதற்கு என்பார்கள். ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணு’ என்பதுதான் அந்த கிராக்கின் முதல் விதி. அங்கேயே புரிந்துகொள்ள வேண்டாமா?

ஃப்ரீகேட் 2002-ல் வெளிவந்தது. அதன் 1.0 பதிப்பு வந்ததோ 2024 நவம்பரில். நடுவே 22 ஆண்டுகள். அவ்வளவு தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம், கேட்டால் சின்னதாகத் தெரியும் ஒரு சிக்கல். ஒரு தகடு வரைகிறீர்கள். துளை போட்டு, மேல் விளிம்பில் சாம்ஃபர் என்ற சாய்வு வெட்டு கொடுக்கிறீர்கள். மென்பொருள் அந்த விளிம்பை ‘எட்ஜ் 7’ என்று எண்ணால் நினைவில் வைக்கிறது. ‘இதுல ஒரு ஸ்லாட் வேணும்ப்பா’ என்கிறார் சூப்பர்வைசர். பழைய ஸ்கெட்சுக்குப் போய் ஸ்லாட்டைச் சேர்த்ததும் விளிம்புகளின் எண்கள் மாறிவிடுகின்றன. பழைய 7 இப்போது 11. சாம்ஃபரோ புதிய 7-ஐத் தேடிப் போய், துளைக்குள் எங்கோ உட்கார்ந்துகொள்கிறது. மொத்த மாடலும் பாழ். டோபலாஜிகல் நேமிங் சிக்கல் என்று இதற்குப் பெயர். 1.0 பதிப்பு வெறும் எண்ணை நம்புவதில்லை. அந்த விளிம்பு எந்தக் கோட்டிலிருந்து, எந்தச் செயலால் வந்தது என்ற வம்சாவளியையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. சிக்கல் முழுக்கத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், பெருமளவு அடங்கிவிட்டது.

4 ஜிபி ராம் இருந்தால் சிறு பாகங்களை ஃப்ரீகேடில் வரையலாம். 2 ஜிபிதான் என்றால், 2டி வரைபடத்துக்கு லிப்ரேகேட். ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. ஃபைலோடு அதற்கு முழுக்க ஒத்துப்போகாது, அனுப்புபவரிடம் டி.எக்ஸ்.எஃப்.-ஆகக் கேட்டு வாங்குங்கள்.

குவாலிட்டியில் இருப்பவர்களுக்கு லிப்ரேஆபீஸ் கால்க். ஷாஃப்ட்டின் விட்டம் 20 மி.மீ., டாலரன்ஸ் கூட்டியோ குறைத்தோ 0.05 என்று வைத்துக்கொள்வோம். அளந்த அளவுகளின் சராசரி 20.02, திட்ட விலக்கம் 0.01 என்றால் செயல்முறையின் திறனைக் காட்டும் சி.பி. 1.67 வரும், சராசரி நகர்ந்ததையும் கணக்கில் எடுக்கும் சி.பி.கே. வெறும் 1.00. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, செட்டிங் நகர்ந்திருக்கிறது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க ஆவரேஜ், எஸ்டிடெவ் என்ற இரண்டு ஃபார்முலாக்கள் போதும். லிப்ரேஆபீஸையும் லினக்ஸையும் தமிழிலேயே சொல்லித்தரும் வீடியோக்களை மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இலவசமாகத் தருகிறது.

கம்பெனிகள் கேட்பது கேட்டியா, என்.எக்ஸ். போன்ற டிசைன் மென்பொருள்களை என்பது உண்மை. ஆனால் ஸ்கெட்ச், கன்ஸ்ட்ரெய்ன்ட், பேட் எல்லாம் எங்கும் ஒரே சிந்தனைதான். ரெஸ்யூமில் ஃப்ரீகேட் என்றே தைரியமாக எழுதுங்கள்.

ஒன்று மட்டும். லினக்ஸை முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் சவுண்டும் சரியாக வந்தால் ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள். அதற்கு முன் போட்டோ, மார்க்‌ஷீட் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.