வேலை இங்கே, வீடு எங்கே?

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் பேருந்தில் அதிகாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? பூந்தமல்லியைத் தாண்டியதும் ஒரு காட்சி கண்ணில் படும். தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக மேற்கு நோக்கி விரையும். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் உறக்கத்தில் இருப்பார்கள். இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் போகவேண்டும்?

நகரம் பெருகும்போது அதன் நடுவில் நிலம் கிடைப்பது அரிதாகிறது, விலையும் ஏறுகிறது. ஒரு கார்த் தொழிற்சாலைக்கோ நூற்றுக்கணக்கான ஏக்கர் வேண்டும். பாரிமுனையில் அதற்கு எங்கே போவது? ஆகவே பெருநகரங்கள் தமக்கு வெளியே இரண்டாவது மையம் ஒன்றைத் தேடுகின்றன. சென்னைக்கு அப்படி வாய்த்தது, சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரும் அதையடுத்த ஒரகடமும். 1971-ல் தோன்றிய அரசு நிறுவனமான சிப்காட், இங்கே நிலமும் சாலையும் தண்ணீரும் ஏற்பாடு செய்து தொழிற்பூங்காக்களை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது.

ஒரு பெரிய ஆலை வந்தால் போதும், பின்னாலேயே பல சிறிய ஆலைகள் வரும். காரில் பல்லாயிரம் பாகங்கள் உள்ளன. இருக்கை செய்பவர் பக்கத்திலேயே இருந்தால், தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் வாங்கிக் கொள்ளலாம். கிடங்கில் அடுக்கிவைத்துப் பணத்தை முடக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2006-ல் இங்கே வந்த நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்தவர்களும் சேர்ந்தே தவித்தார்கள்.

இனி அந்தப் பேருந்துக்கு வருவோம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் என்றால் 900 மணி நேரம். அதாவது, இரவும் பகலுமாக முப்பத்தேழரை நாட்கள் பேருந்திலேயே கழிகின்றன!

சிங்கப்பூரும் இந்தச் சிக்கலைச் சந்தித்தது. 1961-ல் அங்கே ஜூரோங் என்ற இடத்தில் குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை அமைத்தார்கள். தொடக்கத்தில் ஆலைகளும் அதிகம் வரவில்லை. குடியேறவும் ஆட்கள் தயங்கினார்கள். திட்டத்தை முன்னின்று நடத்திய நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் பெயரைச் சொல்லி, "கோவின் பைத்தியக்காரத்தனம்" என்று கேலி பேசினார்கள். பிறகு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன, கடைகள் வந்தன, 1971-ல் ஒரு பறவைப் பூங்காவும் திறக்கப்பட்டது. தொழிற்பேட்டை ஊராயிற்று.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆலைகள் முந்திக்கொண்டன; வீடுகள் பின்தங்கிவிட்டன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் நெரிசலான விடுதிகளில் தங்கினார்கள். 2021 டிசம்பரில் ஒரு விடுதியின் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றபோது, அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையிலேயே அமர்ந்துவிட்டார்கள். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது நாடு முழுவதும் தெரிந்தது அன்றுதான்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. பாராட்ட வேண்டிய முயற்சிதான். எனினும் விடுதி வேறு, ஊர் வேறு. அங்கே தங்கும் பெண்ணுக்கு நாளை திருமணமாகும்; குழந்தை பிறக்கும். அப்போது அவளுக்கு ஒரு கட்டில் போதாது. நடந்துபோகும் தூரத்தில் வாடகைக்கு ஒரு வீடும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும், இரவில் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனையும் வேண்டும்.