பெயர் கேட்காத படிவம்

1996 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்ணுக்கு லாட்டரி அடித்தது. கூட வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து வாங்கிய சீட்டு. அவர் பங்குக்கு மட்டும் 13 லட்சம் டாலருக்கு மேல். கணவரிடம் மூச்சு விடாமல், சில நாட்களிலேயே விவாகரத்து மனு போட்டார். சொத்து, கடன் பட்டியலிலும் லாட்டரி பற்றி ஒரு வரி இல்லை. 1999-இல் அவருக்கு வந்த ஒரு கடிதம் முன்னாள் கணவர் வீட்டுக்குப் போய்ச் சேர, குட்டு உடைந்தது. மறைத்ததற்குத் தண்டனையாக அந்தப் பங்கு முழுவதையும் கணவருக்கே கொடுத்தது நீதிமன்றம். 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அப்படியென்ன அந்தப் பட்டியலில் இருக்கிறது?

கலிஃபோர்னியாவில் விவாகரத்து கேட்பவர், மனு போட்ட 60 நாட்களுக்குள் தன் சொத்து, கடன் விவரங்களை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். அதற்கான ஒரு படிவம் எஃப்எல்-142. இது கணவன் மனைவிக்குள் கைமாறுவது, நீதிமன்றத்தில் தாக்கலாவதில்லை. நீதிமன்றத்துக்குப் போவது எஃப்எல்-160. கடைசியில் தீர்ப்போடு சேரும் எஃப்எல்-345-தான் யாருக்கு எந்தச் சொத்து, யார் தலையில் எந்தக் கடன் என்று முடிவாகச் சொல்லும் உத்தரவு.

எஃப்எல்-160-இன் கட்டங்களைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். என்ன பொருள், எப்போது வாங்கியது, இன்றைய சந்தை மதிப்பு, அதன்மேல் பாக்கியுள்ள கடன், கழித்தால் மிஞ்சுவது, யாருக்குக் கொடுக்கலாம். யார் பெயரில் இருக்கிறது என்பதற்குத் தனிக் கட்டமே கிடையாது. திருமணத்துக்குப் பின், பிரிவதற்கு முன், சம்பாதித்து வாங்கியது பொதுவாக இருவருக்கும் சரிபாதி என்பது அந்த மாநிலச் சட்டம். கல்யாணத்துக்கு முன்பே இருந்தது, ஒருவருக்குப் பரிசாகவோ வாரிசு உரிமையாகவோ வந்தது ஆகியவை அவரவர் தனிச்சொத்து. ஆகவே வாங்கிய தேதிதான் சண்டைக்குரிய கட்டம். பிரிந்த தேதியும் சண்டைக்குரியதே. அதற்குப் பிறகு வரும் சம்பளம் சம்பாதித்தவருக்கே சொந்தம் என்பதால், சில மாதங்கள் முன்பின்னானாலும் பெரிய தொகை கைமாறிவிடும்.

கணக்கு எப்படி முடியும்? ஒரு கற்பனைத் தம்பதியை எடுத்துக்கொள்வோம். வீட்டின் மதிப்பு 9 லட்சம் டாலர், வங்கிக் கடன் பாக்கி 5 லட்சம். மிச்சம் 4 லட்சம். வீட்டை மனைவி எடுத்துக்கொள்கிறார். கணவருக்கு 2,40,000 டாலர் ஓய்வூதியச் சேமிப்பு, 20,000 டாலர் கார், கூடவே 10,000 டாலர் கிரெடிட் கார்டு கடன், ஆக 2,50,000. வித்தியாசம் ஒன்றரை லட்சம். அதில் பாதியான 75,000 டாலரை மனைவி கணவருக்குக் கொடுத்தால், ஆளுக்கு 3,25,000 என்று சமமாகிவிடும். ஆனால் வரி கட்டாமல் சேர்ந்த ஓய்வூதியப் பணத்தை வெளியே எடுக்கும்போது வரி விழும். அதைப் பேசி வைக்காவிட்டால் தாளில் சமமாகத் தெரிவது கையில் சமமாக இருக்காது.

சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் தமிழர்கள் பட்டியல் போடும் இடத்தில் தடுமாறலாம். சென்னையில் வாங்கிய அடுக்குமாடி வீடு, ஊரிலுள்ள வைப்புநிதி, லாக்கர் நகை எல்லாம் பட்டியலில் வர வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் சொத்து சொத்துதான். தாய்வீட்டில் போட்ட நகை பரிசாக வந்த தனிச்சொத்து என்று கோரலாம். அதற்காக அதைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடக் கூடாது.

கடனில் இன்னொரு சிக்கல் உண்டு. படிப்புக் கடன் பெரும்பாலும் படித்தவர் தலையிலேயே விழும். ஆனால் இருவரும் கையெழுத்திட்ட வீட்டுக் கடனைக் கணவர் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தாலும், அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டத் தவறினால் வங்கி மனைவியையும் கேட்கும். அதனால் கணவர் கடனைத் தன் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் வீட்டை விற்க வேண்டும் என்று கெடுவோடு உத்தரவிலேயே எழுதிக்கொள்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அந்த மாநில நீதிமன்றங்களில் இலவச சுய உதவி மையங்கள் இருக்கின்றன; படிவத்தை நிரப்ப அங்கே வழிகாட்டுவார்கள்.